வலது பக்கம் திரும்பாத வாத்தியார்

அன்பும் அதட்டலும் சரிபாதியாய்க் கலந்த என் அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரியும் நலம். நலம் என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்துத்தான் இந்த வரிக்கு வந்திருக்கிறேன். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள். உன்னை மீறி அங்கே யாருக்கு நோய் வரும்?

விஷயத்துக்கு வருகிறேன். போனில் "நான் கிளம்பி வந்து ஒரு மாசம் உன்கூட இருந்தாத்தான் நீ சரிப்படுவே" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அக்கா, நீ வர வேண்டாம். உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பயம் என்றால் அது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்கிற ஆள் நீ. "எதுக்குடா பயப்படறே?" என்று நீ காலையில் கேட்பாய், மத்தியானம் கேட்பாய். எதற்கு என்று தெரிந்தால் நானே போய் அதனிடம் பேசித் தீர்த்துக்கொள்ள மாட்டேனா? போனில் இதைச் சொல்ல வரவில்லை, அதனால் ஆதியோடந்தமாக எழுதுகிறேன்.

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊராருக்கு வண்டி கற்றுக்கொடுத்தே என் முடி நரைத்தது. மரத்தில் ஏற்றியவன், கடையின் படியில் ஏற்றியவன், பிரேக் என்று நினைத்து என் காலை மிதித்தவன் என்று எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. அப்போதெல்லாம் வராத படபடப்பு, அன்றைக்குப் பெரிய ரவுண்டானாவில் ஒரு வங்கி குமாஸ்தா வண்டியைப் பூப்போல ஓட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. மழை இல்லை, நெரிசல் இல்லை, அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது, அப்புறம் உடைப்பது போல. கை மரத்தது, கண் இருட்டியது, சரி, நம் கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்து என் காலடியில் இருக்கிற பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டேன். ரவுண்டானாவின் நட்டநடுவில். பின்னால் வந்த லாரிக்காரன் இறங்கி வந்து திட்ட வாயைத் திறந்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இவரு போயிட்டாரா?" என்று குமாஸ்தாவிடம் கேட்டான். அந்தப் பையன்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் நான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டே "கண்ணாடியப் பாத்துத் திருப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். ஆஸ்பத்திரி வாசலில் அழகாக நிறுத்தினான் என்று கேள்வி.

எல்லாச் சோதனையும் செய்துவிட்டு டாக்டர் சொன்னார்: "உங்க இதயம் குதிரை மாதிரி இருக்கு சார்."

"அதான் டாக்டர் என் புகாரே," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இது பதற்ற நோய், சொல்லிக்கொண்டு வராது, ஆனால் பழகப் பழக அடங்கும் என்று ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். நான் உடனே போனேனா? போகவில்லை. அதற்குப் பதிலாக ரவுண்டானாவை விட்டேன். பிறகு அதற்குப் போகிற சாலையை விட்டேன். வலது பக்கம் திரும்பினால்தானே அந்தச் சாலை வரும் என்று வலது பக்கத்தையே விட்டேன். இடது, மறுபடி இடது, மறுபடி இடது, ஸ்கூல் வாசல். பாடம் முடிந்தது. என்னிடம் படித்தவர்கள் வரிசையாகத் தேர்வில் தோற்றார்கள். முதலாளி கூப்பிட்டு, "உங்க ஆளுங்களுக்கு ஓட்டத் தெரியுது. ஆனா ஒருத்தருக்கும் வலது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியல. என்ன வாத்தியாரே இது?" என்று கேட்டார். வேலை போய்விடும் போல இருந்தது. அதற்கப்புறம்தான் ஆலோசகரிடம் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "பயம் போனதுக்கப்புறம் ரவுண்டானாவுக்குப் போகலாம்னு இருக்காதீங்க. பயத்தோடயே போங்க. வண்டி வேணாம். சும்மா பக்கத்துல நின்னு பாத்துட்டு வாங்க," என்றாள். இதற்கா படித்தாய் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டுதான் போனேன். ரவுண்டானா ஓரத்தில் சாவி போடும் கடை ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் வியர்க்க விறுவிறுக்க நின்று போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வண்டி கணக்கெடுக்க வந்திருக்கீங்களா சார்?" என்றார். இல்லை என்றால் அப்புறம் என்னவென்று சொல்ல வேண்டும். ஆமாம் என்றேன்.

அக்கா, அந்த ஒரு ஆமாம் என்னைப் படுத்திய பாடு! உடனே உள்ளேயிருந்து நாற்காலி வந்தது. மறுநாள் போனால் செருப்புக்கடைக்காரரும் பூக்கடை அம்மாவும் எனக்காகக் காத்திருக்கிறார்கள். நடந்து கடக்க வழியே இல்லை, அதிகாரிகளிடம் சொல்லுங்கள் என்று ஆளாளுக்கு ஒரு குறை. போகாவிட்டால் தேடுவார்களே என்று, நெஞ்சு அடித்துக்கொண்டாலும் தினமும் போனேன். ஒரு நாள் பூக்கடை அம்மாவின் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தவன், வந்து வெகு நேரமாகியும் மூச்சு ஒழுங்காக இருப்பதைக் கவனித்தேன். கவனித்ததும் மறுபடி அடித்துக்கொண்டது, அது வேறு விஷயம்.

கடைசியில் மனசாட்சி உறுத்தி, சாவிக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "நான் கணக்கெடுக்கறவன் இல்லீங்க. எனக்கு இந்த ரவுண்டானான்னா பயம். பயம் தெளியத்தான் வந்து உக்காந்திருக்கேன்."

அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சாலைக்கு எதிர்ப்புறம் கையைக் காட்டினார். பிறகு, "அந்தப் பக்கக் கடையில டீ பிரமாதமா இருக்கும்னு சொல்றாங்க சார். கடை வச்ச நாள்லேர்ந்து கேள்விப்படறேன். இத எவன் கடக்கறதுன்னு போனதே இல்ல," என்றார்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். நடுவில் ஒருமுறை அவர் திரும்பிவிடலாம் என்றார், ஒருமுறை நான் சொன்னேன், நல்லவேளையாக இருவரும் ஒரே நேரத்தில் சொல்லவில்லை. அந்த டீ சகிக்கவில்லை அக்கா. ஆனாலும் முழுதாகக் குடித்தோம்.

அடுத்தது வண்டி. இப்போது என்னிடம் ஒரு பல் டாக்டரம்மா படிக்கிறார். ஸ்டியரிங்கைப் பார்த்து, "லேசா கூசும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். போன வாரம் அவரை வலது பக்கம் திருப்பச் சொன்னேன். ரவுண்டானாவுக்குள் நுழைந்ததுமே எனக்கு ஆரம்பித்துவிட்டது. பிரேக்கிலிருந்து காலை இழுத்து இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அந்தம்மா ஓரக்கண்ணால் பார்த்து, "சார், மூக்கால மூச்சு விடுங்க. ரொம்ப முடியலன்னா கையத் தூக்குங்க," என்றார். எனக்கு முடியாமல் இல்லை. நாங்கள் வெளியேற வேண்டிய சாலை வந்துவிட்டது, பேச வாய் வராததால் அதைக் காட்டத்தான் கையைத் தூக்கினேன். அவரோ, "இதோ முடிஞ்சிடும், முடிஞ்சிடும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே இன்னொரு சுற்றுப் போனார். மறுபடி தூக்கினேன், மறுபடி ஆறுதல். சாவிக்காரர் கடையை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அவர் எழுந்து நின்று கையசைத்தார். எந்தச் சுற்றில் என்று தெரியவில்லை, நெஞ்சில் தட்டியவன் அலுத்துப்போய்ப் போய்விட்டான். நான் வாயைத் திறந்து, "இடது இண்டிகேட்டர் போடுங்கம்மா," என்றேன். என் குரல் பழைய குரலாக இருந்தது. அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது எனக்கு. அந்தம்மா பல்வலி என்று நினைத்திருப்பார்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்றுகூட முடிவெட்டும் கடையில் துண்டைப் போர்த்தியதும் பாதித் தலையோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆனால் வாசலில் நின்று மூச்சு விட்டுவிட்டு உள்ளே போய் மீதித் தலையையும் கொடுத்தேன். முன்பென்றால் பாதித் தலையோடு வீட்டுக்கு வந்திருப்பேன். இவ்வளவுதான் என் முன்னேற்றம். இதை உன் முன்னால் வைத்தால் இவ்வளவுதானா என்று நீ கையால் தட்டிவிடுவாய் என்றுதான் வர வேண்டாம் என்கிறேன். தப்பாக நினைக்காதே.

உன் அதட்டல் குறையாமலும் அத்தானின் பொறுமை தீராமலும் நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும் என்று வேண்டுகிற,
உன் தம்பி.

பி.கு.: அத்தான் அவர்களுக்கு வணக்கம். மேலே உள்ளது எதுவும் உங்களுக்கு எழுதியதல்ல, ஆனாலும் இனி இது உங்களுக்கான கடிதம். உறையை ஒட்டுவதற்குள் அக்கா வந்து இறங்கிவிட்டாள். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து முழுதும் படித்தாள். அதட்டவில்லை.

"எனக்கும் இதேதான்டா. ரொம்ப வருஷமா. கடைக்குப் போறதுன்னாகூட பை தூக்க ஆள் வேணும்னு சொல்லி உங்க அத்தானக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன். நான் வேலை வாங்கறேன்னு நெனச்சிக்கிட்டிருக்கார் பாவம். இன்னிக்கு ரயில்ல ஏறி ஏறி இறங்கினேன். கடைசியா இறங்கறதுக்குள்ள வண்டி கிளம்பிடிச்சு. அதனாலதான் வந்தேன்," என்றாள்.

இதை உங்களிடம் வாயால் சொல்ல வராதாம். கடிதத்தின் கீழே நானே எழுதித் தபாலில் போட வேண்டுமாம். எழுதிவிட்டேன். அவள் ஒரு மாதம் இங்கேதான் இருக்கட்டும் அத்தான், எனக்குத் துணை வேண்டும்.

இப்போது பக்கத்துத் தெருக் கடைக்குத் தனியாகப் போயிருக்கிறாள். தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். போ என்று ஜன்னலிலிருந்து கையைக் காட்டினேன். இன்னும் வரவில்லை. ஐந்து நிமிட நடைதான், நேரமும் அதிகம் ஆகவில்லை, அவள் நன்றாகத்தான் இருப்பாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.