கப்பல் விருந்தில் துக்கம் விசாரித்தோம்

வோலோஸ்,
திருச்சிலுவைத் திருநாளுக்கு மறுநாள்

ஷ்டுட்கார்ட் நகரில் கணவனோடும் வயிற்றுப் பிள்ளையோடும் சீராக வாழ்ந்துவரும் என் அருமை மருமகள் அர்கிரோவுக்கு, உன் தாய்மாமன் திராசோஸ் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மாமி பொலிக்சேனியும் சுகம். என் இடது முழங்கால் சுகமில்லை. அது கடிதத்தில் எழுதும் அளவுக்குப் பெரிய சங்கதி இல்லை என்று மாமி சொல்வதால் விட்டுவிடுகிறேன். மாப்பிள்ளை மத்தியாசுக்கு என் வணக்கத்தைச் சொல். இதை அவருக்குப் படித்துக் காட்டும்போது நான் சாமர்த்தியமாக நடந்துகொண்ட இடங்களில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படி.

எல்லாவற்றையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ வரிக்கு வரி "நெசமாவா மாமா?" என்று கேட்பாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நீ எனக்கும் உன் அம்மாவுக்கும் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தபோது என்னிடம் தனியாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாமா, சாப்பாடு, குளியல், ஊர் சுத்துறது எல்லாம் உங்க இஷ்டம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். திரும்பி வர்றதுக்குள்ள அம்மா என் பிரசவத்துக்கு வர்றேன்னு வாயால சொல்லணும்." நானும் மீசையில் கைவைத்து வாக்குக் கொடுத்தேன். ஆனால் உன் அம்மாவை நீ அறிவாய். உன் அப்பா லெவ்தெரிஸ் அத்தான் போனதிலிருந்து ஸ்மாரோ அக்கா ஒருநாள் விடாமல் கல்லறைக்குப் போய் விளக்கேற்றுகிறாள். கருப்பைக் கழற்றவில்லை, ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை. கப்பலில் இருக்கும் நாளுக்கு மட்டும் விளக்கை உன் மாமியிடம் ஒப்படைத்தாள். அதற்கு எண்ணெய் எவ்வளவு, திரி எவ்வளவு என்று வகுப்பு நடத்தினாள் பார், நான் டயர்க்கடையில் ஆள் பழக்கியபோதுகூட அவ்வளவு சொல்லிக்கொடுத்ததில்லை. "இந்தக் கொஞ்ச நாளைக்கே மனசு அடிச்சுக்குதுடா. ஜெர்மனிக்குப் போனா மாசக்கணக்கா யாருடா பாக்குறது? எண்ணெய் காஞ்சு அவர் இருட்டுல கெடக்கணுமா?" இதுதான் அவள் கட்சி. இதற்குமேல் எவனும் வாதாட முடியாது. என்னைத் தவிர.

பிரேயூஸ் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்தேன். நான் கடலுக்குப் புதியவன் அல்ல, ஸ்கியாதோஸ் தீவுக்குப் படகில் எத்தனையோ தரம் போனவன், புயலில் ஒருமுறை நானே சுக்கான் பிடித்திருக்கிறேன், பிடிக்கும் நிலைமை ஏறக்குறைய வந்திருக்கிறது. இந்தக் கப்பல் நம் பேராலயத்தின் மேல் இன்னொரு பேராலயத்தை அடுக்கி வைத்ததுபோல இருந்தது. ஏறியதும் கடல் ஆடத் தொடங்கிவிட்டது. பாவம் அக்கா, தலை சுற்றிப் படுத்துவிட்டாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சையை முகர வைத்து, ரஸ்க் ஊட்டித் தேற்றினேன்.

இப்போது, சாப்பாடு குடி அத்தனைக்கும் முன்பே கட்டிவிடும் அந்த 'எல்லாம் சேர்த்த' கட்டணத்தைப் பற்றி எழுத வேண்டும். நீ நல்ல மனதோடுதான் கட்டினாய், தெரியும். ஆனால் அதில் உள்ள அநியாயம் ஷ்டுட்கார்ட்டில் உட்கார்ந்திருந்தால் புரியாது. எங்கள் மேசையில் ஒரு பெல்ஜியத் தம்பதி. மரியாதையான மனிதர்கள். முதல் சாப்பாட்டிலேயே அந்த ஆள் தன் ரொட்டியை எனக்கு நகர்த்தி வைத்தான். பதிலுக்கு நான் ஒரு கிளாஸ் வாங்கித் தர வேண்டாமா? பிறகு அவன் மறுப்பான், நான் பணத்தை மேசைக்கு அடியில் சர்வரிடம் திணிப்பேன், அவன் என் கையைப் பிடிப்பான், சட்டைப்பை கிழியும், அப்படித்தானே சிநேகிதம் உண்டாகிறது? இங்கே பில்லே வரவில்லை. பில் இல்லாத இடத்தில் எதைப் பிடுங்கிச் சண்டை போடுவது? மதுமேடையில் நம் கவாலா ஊர்க்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் போய், "அம்மாடி, என் அட்டையில அந்த மேசைக்கு நாலு கிளாஸ் போடு" என்றேன்.

"முடியாதுங்க ஐயா. உங்க அட்டை உங்களுக்கு மட்டுந்தான். ஒரு நேரத்துக்கு ஒரு கிளாஸ்."

"அப்ப அடுத்தவருக்கு வாங்கித் தரணும்னா?"

"யாரும் யாருக்கும் வாங்கித் தரக்கூடாது. அதான் சட்டம்."

"அப்புறம் மனுசன் மனுசனுக்கு எப்படிம்மா சிநேகிதமாவான்?"

"அது பேக்கேஜ்ல இல்லீங்களே" என்றாள், கிளாசைத் துடைத்துக்கொண்டே.

ஆகவே பேக்கேஜில் சேராத பிராந்தி ஒன்றை முழுப் புட்டியாக எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அது உன் வங்கி அட்டைக்கு வந்திருக்கும். வந்ததைப் பார்த்து மாப்பிள்ளை முகம் சுருங்கினால், ஒரு நாட்டின் மானம் என்ன விலை என்று அவரிடம் கேள். அதற்குக் கீழே பணியாளர் கட்டணம் என்று தினப்படி ஒன்று போட்டிருப்பார்கள், அதற்கு நான் பொறுப்பல்ல. நீச்சல் குளத்து நாற்காலி ஒன்றில் யாரோ மறந்துவிட்டுப்போன துண்டை மடித்து ஓரமாக வைத்து அக்காவை உட்கார வைத்ததற்கு ஒரு கிழவர் வந்து கத்தினாரே, துண்டு போட்டால் இடம் அவருடையதாம், அதற்கும் நான் பொறுப்பல்ல. துண்டு குளிக்கவா பட்டா எழுதவா?

அக்கா இதிலெல்லாம் சேரவில்லை. கருப்பு அங்கியும் கருப்பு முக்காடுமாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். அரைக்கால் சட்டைக்காரர்கள் அவளைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்துவார்கள். சாப்பாட்டை அறைக்கே கொண்டுவரச் சொல்லி அதிலும் பாதிதான் சாப்பிடுவாள். கரை தட்டிய ஊரிலெல்லாம் கோட்டையும் பார்க்கவில்லை, கடையும் பார்க்கவில்லை, மாமிக்குப் போன் போட்டு, "எரியுதா?" என்று கேட்பாள். எரிகிறது என்றால், "எங்க, பக்கத்துல போய்ப் பாத்துச் சொல்லு" என்பாள். எனக்கே நம்பிக்கை விட்டுப்போனது. அதை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் கதவுக்கு அடியில் ஒரு தாள் வந்தது. ஆங்கிலம். நான் முப்பது வருஷம் டயர் மேல் எழுதியிருப்பதைப் படித்தே ஆங்கிலம் கற்றவன், எனக்கென்ன. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கருப்பு உடுத்த வேண்டும், கப்பல் தலைவரே வாசலில் நிற்பார் என்று இருந்தது. அக்காவிடம் சொன்னேன்.

"யாருடா போய்ட்டாங்க?" என்றாள் உடனே.

தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். "பெரிய ஆளு யாரோ" என்றேன்.

"கப்பல்லயா?"

"கப்பல்லதான்."

"பின்ன ஏண்டா நேத்து சாயங்காலம் ஆடிக்கிட்டிருந்தானுங்க?"

"அப்ப இன்னும் உயிரோட இருந்திருப்பாரு அக்கா."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அறைச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். "ஒரு சாவு நடந்த இடத்துல தட்டைத் தனியா எடுத்துக்கிட்டு உக்காந்தா மனுசியா?" என்று முக்காட்டைச் சரிசெய்து கிளம்பிவிட்டாள். அர்கிரோ, இந்தக் கூத்து முழுக்க என் திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். மறுக்கவும் மாட்டேன்.

கூடத்தைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் போய்விட்டது. ஆண்கள் அத்தனை பேரும் கருப்புக் கோட்டு. பெண்கள் கால்வரை கருப்பு. வயலின்காரன் ஒருவன் அடங்கிய சுருதியில் இழைக்கிறான். தட்டில் சின்னச் சின்னக் கிளாஸ் ஏந்தி வருகிறார்கள், நம்மூரில் அடக்கம் முடிந்து பிராந்தி கொடுப்போமே, அதே அளவு. நடு மேசையில் வெள்ளைச் சர்க்கரை மூடி, மேலே வெள்ளி மணிகள் பதித்து ஒரு பெரிய பண்டம். நினைவுநாளுக்கு நாம் செய்யும் கோதுமைக் கோலிவாவேதான். இத்தனைக்கும் மேல் வாசலில் அதிகாரிகள் வரிசையாக நின்று வருகிறவர்களுக்குக் கைகொடுக்கிறார்கள், இறந்தவர் வீட்டார் நிற்பதுபோல. அக்கா நேராகப் போய் வரிசையில் நின்றாள். எத்தனை சாவுக்குப் போனவள், முறை தெரியாதா? முதல் அதிகாரியின் கையை ஒரு கையால் பிடித்து, மற்றதை நெஞ்சில் வைத்து, "ஆயுசோட இருந்து அவரை நெனச்சுக்கணும் தம்பி" என்று நம்மூர் முறைப்படி துக்கம் சொன்னாள். அவன் அந்நியன், பல்லைக் காட்டினான். அடுத்தவனும் அப்படியே. மூன்றாவதாக நின்றவர்தான் கேப்டன், முழங்கை வரை தங்கப் பட்டை. அவர் சிரிக்கவில்லை. அக்காவின் கையை விடவும் இல்லை.

"உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?" என்றார், நம் கிரேக்க மொழியில்.

"கப்பல் பூரா தெரியும் தம்பி."

ஆண்ட்ரோஸ் தீவுக்காரராம். குளிர்காலத்தில் அவர் நடுக்கடலில் இருந்தபோது தாயார் போய்விட்டார். "நான் கரைக்கு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சும்மா. மறுநாளே வேலைக்கு வந்துட்டேன். இந்த வார்த்தைய இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல."

"வெளக்கு யாருப்பா ஏத்துறா?"

"பக்கத்து வீட்டுல ஒரு அம்மா. அவங்க பேருகூட எனக்குச் சரியாத் தெரியாது."

"தெனமுமா?"

"தெனமும்னு சொல்றாங்க."

"நீ போய்ப் பாக்கலியா?"

"எப்படிப் போறது? நம்பிக்கிட்டிருக்கேன்."

அக்கா அவர் கன்னத்தைத் தொட்டாள். எனக்குப் பின்னால் வரிசை மாடிப்படி வரை நின்றுவிட்டது. எங்களுக்கு அடுத்து வந்த பெல்ஜியக்காரி, இதுதான் கப்பல் முறை போலிருக்கிறது என்று தானும் நெஞ்சில் கைவைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கடைசியில் கூடமே நெஞ்சில் கைவைத்துத்தான் உள்ளே வந்தது. பெல்ஜியக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சத்தியம்.

மேசையில் உட்கார்ந்தோம். அக்கா அந்தச் சர்க்கரைப் பண்டத்தில் ஒரு வாய் எடுத்து, "கோதுமையே போடல. செத்தவருக்கு இப்படியா ஏமாத்துவாங்க?" என்று முணுமுணுத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு படம் பிடிக்கிறவன் வந்து, எல்லாரையும் சிரிக்கச் சொன்னான். அக்கா எழுந்து அவனுக்குப் புத்தி சொல்லப் போனாள். கிளாஸ் எடுக்க வந்த கவாலாப் பெண்தான் தடுத்தாள். "அம்மா, யாரும் சாகலம்மா. இது விருந்து. வாரத்துக்கு ஒருக்கா இப்படித்தான் உடுத்திக்குவாங்க."

நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். கூடத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் அர்கிரோ. முக்காடு நழுவித் தோளில் விழும்வரை சிரித்தாள். "டேய் திராசோ, மூணு வருசமா எங்க போனாலும் நான் ஒருத்திதான் கருப்பு. இன்னிக்குத்தாண்டா ஊரோட ஊரா உக்காந்திருக்கேன்." தட்டில் இருந்த மீனை முழுக்கத் தின்றாள். என் மீனையும் தின்றாள்.

இதுதான் சமயம் என்று கேட்டேன். "அக்கா, பிள்ளை காத்துக்கிட்டிருக்கு. போறியா?"

"சாப்பிடுறப்ப பேசாதடா" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்கத் துணிவு வரவில்லை. வோலோஸில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெட்டியை என் தலையில் கட்டிவிட்டு நேராகக் கல்லறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உன் மாமி பக்கத்தில் விரல்களைப் பிசைந்துகொண்டு நின்றாள், பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருப்பவள்போல. அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆக, மருமகளே, மீசையில் கைவைத்துக் கொடுத்த வாக்கு பலிக்கவில்லை. நீ கலங்காதே. அவளுக்குப் பதில் நானே வருகிறேன். பிரசவம் எனக்குப் புதிதல்ல. ஒருமுறை வெளிச்சமே இல்லாத கொட்டகையில் வெள்ளாடு ஒன்றுக்கு இரட்டைக் குட்டி எடுத்துவிட்டவன் நான், இரண்டும் நன்றாக வளர்ந்தன. சூப் வைப்பேன், தொட்டில் ஆட்டுவேன், தூங்காமல் இருப்பேன். காபிக்கடையில் எல்லாரிடமும் சொல்லியும்விட்டேன். மத்தியாசை ஒரு கட்டில் ஒழித்து வைக்கச் சொல்.

மாதா உன்னையும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். சுகமாக இறக்கி வை. மாமி முத்தம் சொல்கிறாள்.

உன் நலமே நினைக்கும்,
திராசோஸ் மாமா

பின்குறிப்பு: உறை தேடப் போயிருந்த நேரத்தில் உன் அம்மா வந்து இதையெல்லாம் படித்துவிட்டாள். திருத்தி எழுது என்று தலைமேல் நிற்கிறாள். கடல் ஆடியபோது படுத்துக்கிடந்தது நானாம், எலுமிச்சை பிடித்தது அவளாம். கைகொடுத்தவர் கேப்டன் இல்லையாம், சாப்பாட்டுக் கூடத்து மேலாளராம். கேப்டனுக்கு நம் மொழியே தெரியாதாம். பெல்ஜியக்காரிக்குக் கண்ணில் மை கரைந்ததாம். இதெல்லாம் போகட்டும். கடைசிப் பக்கம் வந்ததும், "பிரசவத்துக்கு இவனா? இவனைப் பாத்தா பிள்ளை உள்ளேயே இருந்துக்கும். நான் எப்படா வரமாட்டேன்னு சொன்னேன்? நீ கேட்டப்ப வாயில மீன் முள்ளு இருந்துச்சு" என்றாள். எண்ணெய்ப் புட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டாள். இனி மாமி ஒருநாள், நான் ஒருநாளாம். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிட்டு அவளுக்கு டிக்கெட் எடு. ஜெர்மனிக் குளிருக்கென்று எனக்காக ஒரு புதுக் கோட்டு வாங்கியிருந்தேன். அதை அவள் பெட்டியில் வைத்துவிட்டேன். தோள் தொளதொளவென்றிருக்கும். நிறம் பழுப்பு, கருப்பில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாள், போட்டும் பார்த்தாள், மடித்துத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டாள்.