சரோஜாவின் கையும் என் நோட்டுப் புத்தகமும்

என் மனைவியின் ரத்த அழுத்தத்தை மூன்று வாரம் நானே இட்டுக்கட்டி எழுதினேன். அளக்காமல், அவள் கையைத் தொடாமல், நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே எழுதினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் எனக்காகக் கொஞ்சம் பூசி மெழுகிவிடுவேன்.

எனக்கு அந்தத் துணிச்சல் வந்த இடம் அலுவலகம். பெங்களூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் மழைக்கணக்கு பார்த்தவன் நான். ஏதாவது ஒரு தாலுகாவிலிருந்து சீட்டு வராவிட்டால், பக்கத்துத் தாலுகாக்களின் சராசரியைப் போட்டு அட்டவணையை நிரப்புவோம். காலிக் கட்டத்தோடு தாள் மேலதிகாரியிடம் போனால் தொலைந்தோம். (மழையே பெய்யாத ஊரில் என் பேனாவால் ஏரி நிரம்பியதுண்டு.)

தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்வு பெற்று, பெங்களூரிலேயே ஜோகுபாளையம் வீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு வருடம் முன்பே சரோஜாவும் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். டாக்டரம்மா அவளுக்குப் பிரஷர் என்று மாத்திரை எழுதி, "தினா காலையில பார்த்து எழுதிட்டு வாங்க ஸார், மூணு வாரம்" என்றார். கன்னட வாடை வீசும் நல்ல தமிழ் பேசுபவர்; 'தினா' என்றால் தினமும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபடியும் ஓர் அட்டவணை! புது மெஷின், புது நோட்டு, சிவப்பு மையில் கோடு.

முதல் வாரம் ஒழுங்காக நடந்தது. நூற்று அறுபத்து நான்கு, நூற்று ஐம்பத்தெட்டு என்று மெஷின் சொன்னது. எட்டாம் நாள் காலை சரோஜா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"கையைக் குடு."

"நாளைக்குப் பார்க்கலாம்."

மறுநாளும் நாளைக்கு. அதற்கடுத்த நாள் பதிலே இல்லை. கோபம் என்று நினைத்தேன். என்மேல் கோபப்பட அவளிடம் எப்போதும் காரணம் கையிருப்பில் இருக்கும். ஆனால் காலிக் கட்டம்? அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முந்தைய வாரத்தின் சராசரியைப் போட்டேன். நிஜம் போலத் தெரிய வேண்டுமே என்று ஒருநாள் இரண்டு கூட்டினேன், ஒருநாள் நான்கு குறைத்தேன். அழகான அட்டவணை!

சரோஜா வர மறுத்ததால் நோட்டை மட்டும் கொண்டுபோனேன். டாக்டரம்மா அதைப் பார்த்து, "குறையவே இல்லையே" என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார். நான் பெருமையோடு நோட்டை வாங்கிக்கொண்டு வந்து, அடுத்த வாரத்தையும் எழுதினேன். கூட்டிய மாத்திரையை மட்டும் சரோஜா மறுக்காமல் விழுங்கினாள்.

அந்த வாரக் கடைசியில் மைத்துனர் வீட்டுப் புதுமனை புகுவிழா. வர மாட்டேன் என்றவளை வற்புறுத்தி அழைத்துப் போனேன். பந்தியில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தவள், அப்படியே என்மேல் சரிந்தாள். நான் சாம்பார் வாளிமேல் சரிந்தேன். சாம்பார் வேட்டியோடு அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டரம்மா அளந்தார். "தொண்ணூத்தி ரெண்டு, அறுபது. ரொம்ப இறங்கியிருக்கு."

"இருக்காது டாக்டர்! இன்னிக்குக் காலையில கூட நூத்தி அறுபது," என்று, கூடவே வைத்திருந்த நோட்டை நீட்டினேன். அதிலும் சாம்பார்.

படுக்கையில் கண்ணை மூடியிருந்த சரோஜா கேட்டாள்: "எந்தக் கையில பார்த்தீங்க?"

நர்ஸ் மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"மூணு வாரமா நான் கையே நீட்டல டாக்டர். இவரு அங்க உக்காந்து எழுதுறதைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லணும்னு தோணல. எதுவுமே தோணல."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். சரோஜா சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சராசரி மட்டும் தெரியும்.

"ஸார், 'கை குடுக்க மாட்டேங்கறா'ன்னு அந்தக் கட்டத்துல எழுதியிருந்தீங்கன்னா எனக்கு அது போதும்."

"பிரஷருக்கும் அதுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" வெட்கத்தை மீறி ஆர்வம் கேட்க வைத்தது.

இந்த வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது, பசியில்லாமல், எழுந்திருக்க மனமில்லாமல் வரும் என்றார். அது ஒருபக்கம் உடம்பைக் கவனிக்க விடாது, இன்னொரு பக்கம் பிரஷரையும் குழப்பிவிடும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். மாத்திரையைக் குறைத்தார். இனி மெஷினில் அளப்பதோடு, தினமும் அவளை எப்படி இருக்கிறது என்று கேட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொன்னார். "நீங்களா போட்டு எழுத வேண்டாம் ஸார், தயவு செஞ்சு."

எழுதினேன். "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்ல." "தினமும் ஏன் உயிரை வாங்குறீங்க?" பத்தாம் நாள் அவள் மெதுவாகச் சொன்னாள்: "எதுக்கு எழுந்திருக்கணும்னு தெரியலங்க." அதை எழுதும்போது பேனா நின்று நின்று போனது. அன்றே அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா எங்களை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவள் தேற ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ரசத்தில் உப்பில்லை என்றாள், சமைத்தது நான். அவ்வளவு ஆனந்தமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "எழுதுன நம்பராவது கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கலாம்ல," என்றாள். மன்னித்தாளா என்று இன்றும் தெரியாது.

புனேயிலிருந்து மகள் உமா போன் செய்து, "அம்மா எப்படி இருக்காங்கப்பா?" என்பாள். அந்த மூன்று வாரமும் யோசிக்காமல் "நல்லா இருக்கா" என்று சொன்ன வாய் இது. இப்போது, "இரு, கேட்டுட்டு வர்றேன்" என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவேன். அதற்குள் உமாவின் எஸ்.டி.டி. மீட்டர் எகிறிவிடும். அவள் வீட்டில் இது பெரிய வேடிக்கை. யாராவது பதில் சொல்லத் தாமதித்தால், "தாத்தா கேக்கப் போயிருக்காரு" என்பார்களாம்.

போன வாரமும் போனேன். சரோஜா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உமா கேக்குறா. எப்படி இருக்கே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நேத்தைக்கு நல்லா இல்ல. இன்னிக்குப் பரவாயில்ல. அப்படியே சொல்லுங்க."

படி இறங்கிப் போய், அப்படியே சொன்னேன்.