ஒன்பதாம் நம்பர் தூண்டில் தடி

அன்று படகில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், படகின் சொந்தக்காரனான என் மச்சான் ஜெகன், நிலாவெளியில் விடுதி நடத்தும் பரீத் நானா. நான்காவதாக என் கவலையையும் சேர்க்கலாம். அது நான் போகும் இடமெல்லாம் வரும்.

நானாவின் விடுதிக்கு வரும் வெள்ளைக்காரருக்கு இறகுத் தூண்டிலில் ஆசை. கொக்கியில் இறகு கட்டி, சாட்டை மாதிரி வீசிப் பிடிப்பது. "பழகுறவைக்கு ஏத்த தூண்டில் செற் ஒண்டு வாங்கு. ஞாயிற்றுக்கிழமை வீசிக் காட்டு. சரிவந்தா ஆக்களைக் கூட்டிப்போற வேலை உனக்குத்தான்" என்று காசைத் தந்தார். ஆறு மாதமாக வேலையில்லாமல் இருந்த எனக்கு அன்றிலிருந்து நித்திரையும் இல்லை.

டவுன் கடைக்காரர், "கடலுக்கோ? எட்டாம் நம்பர் தடியே போதும்" என்றார். சுருக்கென்றது. (நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதை இவருக்கு யார் சொன்னது?)

"ஒன்பது இல்லையோ?"

இருந்தது. நூல் சுற்றும் றீல் உப்புக்குத் துருப்பிடிக்காதோ என்று நாலு தரம் கேட்டேன். நாலாம் தரம் அவர், "தம்பி, இப்பிடியே நிண்டா நீங்கள்தான் துருப்பிடிப்பீங்கள்" என்றார்.

வீட்டில் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தால், அந்தத் தடித்த மஞ்சள் நூல் மிதந்தது! பிறந்ததிலிருந்து கைத்தூண்டில் போடுகிறவன் நான். எங்களுக்கு நூல் என்றால் அடிக்குப் போக வேண்டும். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள். பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது, முழுக்க ஆங்கிலம். அதை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு நூல் நுனியில் ஈயக்குண்டு ஒன்றைக் கட்டினேன். போதாதோ என்ற கவலையில் இன்னொன்றும்.

ஞாயிறு காலை, துறைமுகத்தின் நடுவில் ஜெகன் எஞ்சினை நிறுத்தினான்.

"மச்சான், பின்னால நானா இருக்கிறார். பாத்து."

"எனக்குத் தெரியும்."

ஓங்கினேன். ஈயம் இரண்டும் நானாவின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிக் கடலில் விழுத்தின. எங்கள் துறைமுகத்தின் ஆழத்தை எல்லோரும் புகழ்வார்கள். அன்று நான் புகழவில்லை.

"யா அல்லா! என்ர கண்ணாடி!"

"நூல் பழுது நானா, மிதக்குது..."

"பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்குமே, அதை எடு. என்ன எழுதியிருக்கு, வாசி."

வேலை போய்விட்டதென்றே நினைத்தேன். "எனக்கு இங்கிலீசு வாசிக்க ஏலாது நானா."

"எனக்குக் கண்ணாடி இல்லாம ஏலாது. ஜெகன்?"

"நான் எஞ்சினைப் பாக்கிறன்" என்று அவன் குனிந்துகொண்டான்.

"அப்ப படத்தையாவது பார்!"

படத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டு வீசினான். அவனுடைய நூல் தண்ணீரின் மேல் அழகாக மிதந்தது. ஈயம் எங்குமே இல்லை.

கழற்றிவிட்டு வீசினேன். எத்தனையாவது வீச்சோ, கைநீளப் பாரை ஒன்று ஏறியது. நானா தடவிப் பார்த்து, "மீன்தான்" என்றார். வேலை கிடைத்தது.

இன்றைக்கும் நான் அகப்பையைத் தூக்கினாலும் மனைவி, "பிள்ளையள், கண்ணாடியைக் கழட்டுங்கோ, அப்பா வீசப்போறார்" என்பாள். (எங்கள் வீட்டில் யாரும் கண்ணாடி போடுவதில்லை.) நானா தன் கண்ணாடிக் காசை மாதாமாதம் என் சம்பளத்தில் கழிக்கிறார். இன்னும் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபா பாக்கி.