இணைப்பு: வாறுகால் ஒன்று

மனுவுடன் வரும் இணைப்புகளை எண்ணிப் பதிவேட்டில் பதிய வேண்டும். நடவடிக்கை முடிந்ததும் ஒப்புகை பெற்றுக்கொண்டு மனுதாரரிடமே திருப்பித் தர வேண்டும். அலுவலக நடைமுறையில் இது அரிச்சுவடி. அரசாங்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை வருடமும், புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வோர் உதவியாளருக்கும் தலையில் குட்டாத குறையாக இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் இணைப்பு என்றால் காகிதமாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த நடைமுறையில் ஒரு சொல் கிடையாது. என் வாழ்நாளின் பெரிய அவமானம் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்தது. கூடவே வந்த கோபம் இன்னும் வெளியே போகவில்லை.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் எங்கள் தெரு முனையில், வாறுகால் என்று நாங்கள் சொல்லும் சாக்கடைக் கால்வாய்க்கு மேல் ஒரு சின்னப் பாலம் கட்டினார்கள். அதற்கு அடியில் ஒரு குழாய் பதித்தார்கள். தெரு முழுவதன் சாக்கடையும் மழைத்தண்ணீரும் அந்தக் குழாய் வழியாகப் போக வேண்டும். அதில் என் முழங்கை நுழையும். முழங்கால் நுழையாது. (இரண்டையும் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.) அந்த ஐப்பசி மழையில் தெருவும் வாறுகாலும் ஒரே மட்டமாகத் தண்ணீர் நின்றபோது, எது தெரு எது வாறுகால் என்று தெரியாமல் என் மனைவி லோகநாயகி காலை வைத்தாள். கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

நான் மனு எழுதினேன். பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் போட்டு ஏழு மனு. பாலத்துக்குப் பொறுப்பான அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களும் இப்போது ஓய்வூதியத்தில் இருப்பார்கள், பிழைத்துப் போகட்டும். ஏழாவது மனுவுக்கு ஓர் ஆளை அனுப்பினார்கள். எப்போது? சித்திரையில். தெரு அப்பளம் போலக் காய்ந்து கிடந்தது. அவர் குடையை விரித்துக்கொண்டு வாறுகாலை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி எங்க சார் நிக்குது?"

"ஐப்பசியில நிக்கும்."

"அப்ப ஐப்பசியில வாரேன் சார்" என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

ஐப்பசியில் அவர் வரமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த மழைக்குள் அந்தக் குழாயை மாற்றாவிட்டால் இன்னொரு கால் போகும். வெயில் காலத்தில் வருகிறவனுக்குத் தண்ணீரைக் காட்டுவது எப்படி? இந்த இடத்தில்தான் என் அறிவு வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஐப்பசித் தெருவை அப்படியே ஒரு பலகையில் செய்து, மனுவோடு இணைப்பாக வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நாலடிக்கு மூன்றடி பிளைவுட். அடிக்கு அரை அங்குலம் என்று அளவு. டேப்பை வைத்துக்கொண்டு தெருவில் குனிந்து குனிந்து அளந்ததில், நான் நிலத் தகராறு கிளப்பப் போகிறேன் என்று எதிர்வீட்டுக்காரர் ஒரு வாரம் பேசவில்லை. தெர்மகோலில் வீடுகள், தீக்குச்சியில் ஜன்னல் கம்பி, சாயம் போட்ட மரத்தூளில் வேப்பமரம். குழாய்க்குப் பேனா ரீஃபில். வாறுகால் தண்ணீருக்கு மெழுகை உருக்கி, விளக்குக் கரியைக் கலந்து ஊற்றினேன். கண்ணால் பார்த்தாலே மூக்கைப் பொத்தத் தோன்றும், அவ்வளவு தத்ரூபம்.

மாதிரி என்றால் வெறும் தெரு இல்லை. கதை. இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். இடது ஓரத்தில் அடைத்த குழாய். நடுவில் திண்டாடும் தெரு. ஒரு சைக்கிள்காரர், வாசல் திண்டில் ஏறி நிற்கும் ஒரு வெள்ளை நாய். வலது ஓரத்தில், கையில் மனுவோடு, குழாயை நோக்கி விரலை நீட்டியபடி நான். எனக்கும் நாய்க்கும் இடையே வாறுகாலில் விழுந்துகொண்டிருக்கும் லோகநாயகி. கம்பியில் எலும்பு, காகிதக் கூழில் சதை, வாய் பிளந்திருந்தது. அன்று கிழிந்த அதே மாம்பழ நிறச் சேலையில் இரண்டு அங்குலம் வெட்டி உடுத்தியிருந்தேன். சாட்சியத்தில் கலப்படம் கூடாது அல்லவா? ஒரு செருப்பு தனியே மிதந்தது.

அந்தப் பொம்மையை மட்டும் அவளுக்குக் காட்டவில்லை. அவள் அறைக்குள் வரும்போதெல்லாம் பவுடர் டப்பா மூடியைப் போட்டு மூடிவிடுவேன்.

"கால் ஒடிஞ்சது எனக்கு. கிறுக்குப் பிடிச்சது ஒங்களுக்கா?" என்பாள்.

ஆடி மாதம் ஒருநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாதிரியோடு பஸ் ஏறினேன். தளவாய்புரத்திலிருந்து வந்த வண்டி. கண்டக்டர் என்னையும் பலகையையும் பார்த்தார்.

"என்ன சார், தெருவையே பேத்து எடுத்துட்டு வாரீய? இத எங்க வைக்க?"

கடைசி இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் குனிந்து பார்த்தார். "ஐயையோ, பொம்பள விழுதா பாரு! யாரு பெத்த பிள்ளையோ!"

"அது எங்க வீட்டுக்காரிதான்" என்றேன் பெருமையாக.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முன் இருக்கைக்காரியின் தோளைத் தட்டினார். "ஏட்டி, இங்கன பாரு. கட்டுன பொண்டாட்டிய இப்படிச் செஞ்சு பஸ்ஸுல தூக்கிட்டு அலையுதாரு இந்த ஆளு."

ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை பஸ்ஸில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் முறை வைத்து எழுந்து வந்து என்னை முறைத்தார்கள்.

அலுவலகத்தில் தபால் எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "சார், இதுக்குப் பதிவேட்டுல கட்டம் இல்ல."

"'இணைப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க."

"அதுல பக்கம் எத்தனைன்னுல்லா போடணும்? இதுக்கு ஏது பக்கம்?"

இருபது நிமிடம் வாதாடினோம். பக்கத்தைக் குறிக்காமல் ஒப்புகைச் சீட்டு தரமாட்டேன் என்றார். ஒப்புகை இல்லாமல் நான் நகரமாட்டேன். கடைசியில், விதி தெரிந்த மேதாவி நானே சொன்னேன்: "ஒன்றுன்னு போடுங்க."

'இணைப்பு: பக்கம் 1' என்று எழுதி, முத்திரை குத்தி, சீட்டைக் கொடுத்தார். வெற்றி வீரனாகத் திரும்பினேன். என் தலைக்கு நானே வைத்த கொள்ளி அது என்று புரிய வருடங்கள் ஆயின.

ஆவணி போயிற்று. பதில் இல்லை. புரட்டாசி வந்தது. நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு. பதில் இல்லை. நவராத்திரிக்கு லோகநாயகி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். இருவரும் தெருவில் கொலு வைத்த வீடுகளுக்கெல்லாம் போனார்களாம். சாயங்காலம் திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை. சுண்டல் பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"ஏங்க. நான் எப்ப வாறுகாலுல விழுந்தேன்?"

"போன ஐப்பசியில."

"இல்ல. இன்னைக்கு விழுந்தேன். பத்துப் பொம்பளைங்க முன்னால விழுந்தேன்."

அந்த அலுவலகத்தின் அதிகாரி, தங்கை வீட்டுக்கு நான்காவது வீடு. அவர் வீட்டுக் கொலுவில், படிக்குக் கீழே, எங்கள் தெரு இருந்திருக்கிறது. என் கறுப்பு மெழுகின் மேல் நீலப் பெயின்ட் அடித்து, காகிதத் தாமரை மிதக்கவிட்டு, 'தெப்பக்குளம்' என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ரீஃபில் குழாய் கோமுகமாகிவிட்டது. என் கையிலிருந்த மனுவைப் பிடுங்கிவிட்டு ஒரு விசிறியைச் செருகியிருக்கிறார்கள். நான் சாமிக்கு விசிறிக்கொண்டிருந்தேன். (விரல் மட்டும் இன்னும் குழாயைக் காட்டிக்கொண்டிருந்ததாம்.)

"அந்த வீட்டம்மா எல்லாருக்கும் வெளக்கம் சொல்லுதாவ. 'இந்தப் பொண்ணு முகத்துல பக்தியப் பாருங்க, மெய்மறந்து குளத்துல எறங்குதா'ன்னு. நான் எலும்பு முறிஞ்சு கத்துனது அவியளுக்குப் பக்தியாத் தெரிஞ்சிருக்கு! சேலையப் பாத்த ஒடனே என் தங்கச்சி, 'அக்கா, இது ஒன் மாம்பழக் கலருல்லா'ன்னு எல்லாருக்கும் கேக்குத மாதிரிக் கேட்டா."

"அது சாட்சியம்..."

"சாட்சியமா? கூட ஒரு செருப்பு வேற!"

மறுநாள் காலை ஒப்புகைச் சீட்டோடு அந்த வீட்டுக்குப் போனேன். லோகநாயகியும் வந்தாள்; என்னைத் தனியாக விட அவளுக்கு நம்பிக்கை இல்லை. அதிகாரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"சார், இது என் மனுவோட இணைப்பு."

"தெரியும் சார். ஆபீஸ்ல எலித்தொல்லை. பத்திரமா இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்."

"நீலப் பெயின்ட்டும் எலிக்குப் பயந்து அடிச்சதுதானா?"

அவர் கொலுவைப் பார்த்தார். அவர் மனைவி சுண்டலோடு வந்தார். "அண்ணே, மொதல்ல சுண்டல் எடுத்துக்கிடுங்க. எம்புட்டு அழகாச் செஞ்சிருக்கீய! பாக்க வந்தவங்கள்லாம் யாரு செஞ்சதுன்னுதான் கேக்காங்க."

நான் சுண்டலுக்கு மயங்குகிறவன் இல்லை. குனிந்து பலகையின் இரண்டு பக்கமும் கை கொடுத்தேன். தூக்கியிருப்பேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"கைய எடுங்க."

என் மனைவி. முறிந்த காலுக்குச் சொந்தக்காரி.

"வச்ச கொலுவ நடுவுல அசைக்கக் கூடாது. எனக்கு இன்னொரு காலும் போகணுமா? விஜயதசமி முடியட்டும், பொறவு எடுத்துக்கிடலாம்."

"நல்லாச் சொன்னீங்க அக்கா" என்றார் அதிகாரியின் மனைவி.

இருபது வருடம் நான் படித்த விதிகளில் எதுவும் அந்த விதிக்கு மேல் நிற்கவில்லை. கடலைச் சுண்டலோடு வெளியே வந்தேன். சுண்டல் நன்றாக இருந்தது. அதுவும் எனக்குக் கோபம்தான்.

விஜயதசமி முடிந்த மூன்றாம் நாள் போனால் வீடு பூட்டியிருந்தது. அதிகாரிக்கு மாற்றல். லோகநாயகியின் தங்கை வாசலில் நின்று விவரம் சொன்னாள். "சாமானோட சாமானா அதையும் லாரியில ஏத்திட்டாவ, அத்தான். கொலுவுல ஒரு தடவ வச்சத வருசா வருசம் வைக்கணுமாம்லா."

நானே அளந்து, ஒட்டி, வண்ணம் பூசிய ராஜபாளையத்துத் தெரு ஒன்று, எந்த மாவட்டத்திலோ வருடா வருடம் தெப்பக்குளமாக இருக்கிறது. ஐப்பசி வந்தது. தண்ணீரும் வந்தது. அந்த வருடம் வாசற்படி தாண்டி உள்ளே வந்து, லோகநாயகியின் கட்டில் கால் வரை நின்றது. அவள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தாமரைதான் கொறச்சல்" என்றாள்.

அதன்பிறகு நான் எந்தக் கோபத்துக்கு வெள்ளைத்தாள் எடுத்தாலும், அடுப்படியிலிருந்து ஒரு கேள்வி வரும்: "இந்தத் தடவ இணைப்பு நானா, வேற ஆளா?" இப்போது என் மகளும் கேட்கிறாள். மருமகனும் கேட்கப் பழகிவிட்டார்; அவர் மட்டும் மரியாதையாகக் கேட்பார்.

நினைவூட்டுகளை நான் நிறுத்தவில்லை. மாதம் ஒன்று, முதல் தேதி. ஆறு வருடம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில் பதில் வந்தது. கையெழுத்து போட்டிருந்தவர் அந்தத் தபால் எழுத்தர்தான். பதவி உயர்வு பெற்றிருந்தார். இரண்டே வரி. 'தங்கள் மனுவில் கண்ட ஒரு பக்க இணைப்பு கோப்பில் காணப்படவில்லை. எனவே, மேற்படி பக்கத்தை இணைத்து மீண்டும் மனுச் செய்யுமாறு தெரிவிக்கப்படுகிறது.'

அதைக் கொண்டுவந்த தபால்காரர் சைக்கிளைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, குடைக்கம்பியால் ஆழம் பார்த்துப் பார்த்து எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். அன்று விஜயதசமிக்கு மறுநாள்.