சும்மா சுற்றுகிற சக்கரம்

ஒரு மனிதர் தன் சொந்தக் காரில் தன் சொந்த வீட்டுக்குப் போய்ச் சேர ஆசைப்படுவது குற்றமில்லை. சட்டம்கூட இதுவரை அதைத் தடை செய்யவில்லை. இருந்தாலும் கண்ணாடிக்கடைக்காரருக்கு மழைக்காலத்தில் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

ஊரில் பாதி மூக்குகளுக்குக் கண்ணாடி மாட்டிய அவரிடம் இருவர் மட்டும் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. சமதரையில் அம்பு மாதிரி போகும். வீட்டுக்கு ஏறும் மேட்டில்தான் வம்பு. மேட்டின் இடது ஓரம் முழுக்கப் பாசி. இடது பின்சக்கரம் அந்தப் பாசியில் சர்ரென்று சுற்றும். வலது சக்கரம் நல்ல சிமெண்டின் மேல் இருந்துகொண்டு வேடிக்கை பார்க்கும். மைத்துனர் பின்னாலிருந்து தள்ளுவார். வாயும் சும்மா இருக்காது.

"ரேஸ் காருன்னு சொன்னீங்களே மாமா, யாருக்கு ரேஸ்? தள்ளுறவனுக்கா?"

ஒருநாள் மனைவி வாசலில் நின்று தீர்ப்பு வழங்கினார். "இங்க பாருங்க, அடுத்த மழைக்குள்ள இது தானா ஏறணும். இல்லைன்னா என் தம்பி மேல தள்ளமாட்டான், கீழ தள்ளுவான். கீழதான் பழைய இரும்புக்கடை இருக்கு."

கண்ணாடிக்கடைக்காரர் மறுநாளே மெக்கானிக்கிடம் ஓடினார்.

"ரெண்டு பின்சக்கரத்துக்கும் நடுவுல டிஃபரன்ஷியல்னு ஒரு பெட்டி இருக்கு சார். எஞ்சின் பலத்தைப் பங்கு போடறது அதுதான்," என்றார் மெக்கானிக். "உங்களோடது பழைய ரகம். எது வழுக்கிட்டு சும்மா சுத்துதோ, அதுக்கே எல்லாத்தையும் கொடுத்துடும். கால் ஊனி நிக்கிறது பட்டினி."

"இதைக் கண்டுபிடிச்சவன் எங்கய்யா வேலை பார்த்தான்?"

"தெரியாது சார். ஆனா பெரிய பதவியில ஓய்வு பெற்றிருப்பான்."

இதற்கு மாற்று, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்தால் அதன் காதைத் திருகி, நிற்கிற சக்கரத்துக்கும் வேலை கொடுக்கும். மெக்கானிக் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். கார் பாசி மேட்டில் பூனை மாதிரி ஏறியது. வழக்கம்போலத் தள்ளப் போன மைத்துனர் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் குப்புற விழுந்தார்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் காரின் உறுப்பை மாற்றினால் வாகன அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் தெருவில் ஓட்டினால் அவர்களே இழுத்துக்கொண்டு போய் இரும்புக்கடையில் போட்டுவிடுவார்கள்.

ஆய்வாளர் விண்ணப்பத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு மாத்துனீங்க?"

"பழசுல, சும்மா சுத்துற சக்கரத்துக்கே எல்லாம் போயிடுது சார்."

"அதுல என்ன தப்பு?"

கண்ணாடிக்கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. மனிதர் உண்மையாகவே கேட்கிறார்.

"சுத்துறதுதானே வேலை செய்யுது?" என்றார் ஆய்வாளர். "நிக்கிறதுக்கு எதுக்குக் கொடுக்கணும்?"

"வண்டி நகரலையே சார்."

"நகர்றதைப் பத்தி விண்ணப்பத்துல எங்கயாவது கேட்டிருக்கா?"

கேட்கவில்லை. இருந்தாலும் ஆய்வாளர் கடமை தவறாதவர். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, கியரைப் போட்டு எஞ்சினை முடுக்க வேண்டும். தூக்கிய சக்கரம் தங்குதடையின்றிச் சுழன்றால் பெட்டி நலமாக இருப்பதாகக் கருதப்படும். விதி அப்படி.

"வேண்டாம் சார். அது பழைய ரகத்துக்கு எழுதினது. இதுல ஒரு சக்கரம் தரையில பட்டா போதும், வண்டி ஜாக்கியை உதறிட்டுப் பாஞ்சிடும்."

"பாய்வதற்கு விதியில் இடமில்லை," என்றார் ஆய்வாளர். தாமே ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

விதியைப் படித்திராத கார் பாய்ந்தது. படிகளில் ஏறியது, கண்ணாடிக் கதவை உடைத்தது, வரிசையில் நின்றவர்களை இரு பக்கமும் ஒதுக்கியது, 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்ற பலகையைத் தாண்டி மேலதிகாரியின் மேசையில் முட்டி நின்றது. மேலதிகாரி கண் விழித்தார். எதற்கோ கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பயத்தில் எதிரே கிடந்த அத்தனை காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்களின் விண்ணப்பங்கள் அன்று ஒரே மூச்சில் தேறின.

ஊருக்கு இது போதாதா? 'அந்தப் புதுப் பெட்டியைப் பூட்டினால் அலுவலகத்தில் காரியம் நடக்கும்' என்று பேச்சுப் பரவியது. பல் வைத்தியர் பூட்டினார், தையற்காரர் பூட்டினார். கார் இல்லாதவர்கள் தள்ளுவண்டிக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். சம்பந்தம் பேசப் போன இடத்தில், "மாப்பிள்ளை வண்டியில அது இருக்கா?" என்று கேட்டார்கள். மெக்கானிக்கிடம் சரக்குத் தீர்ந்தது. மனிதர் அசரவில்லை. 'லிமிடெட் ஸ்லிப்' என்று மஞ்சள் ஸ்டிக்கர் அடித்து, காரின் பின்னால் ஒட்டிவிட ஆரம்பித்தார். பெட்டியை வாங்கினால் அது வண்டிக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. ஸ்டிக்கரோ தெருவுக்கே தெரிகிறது. ஆகவே ஸ்டிக்கரே மேல் என்று மக்கள் முடிவு செய்தார்கள்.

இதற்கிடையில், கார் உள்ளே புகுந்ததை விசாரிக்க வாகன அலுவலகம் அமைத்த குழுவும் அறிக்கை கொடுத்தது. 'மேற்படி உறுப்பு அனுமதிக்கப்படுகிறது. எனினும் தூக்கிய சக்கரம் தங்குதடையின்றிச் சுழலும் வண்ணம், உள்ளிருக்கும் பொருளை அகற்றிப் பழைய பொருளையே பொருத்துதல் வேண்டும்.' அகற்றிய பொருள் சாட்சிப் பொருளாகப் பறிமுதல் செய்யப்பட்டது. சும்மா வைத்தால் துருப்பிடிக்கும் அல்லவா? அதைப் பராமரிப்பதற்காகவே மேலதிகாரி, அதே ரகத்தில் ஒரு பழைய கார் வாங்கும் சிரமத்தை ஏற்றுக்கொண்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் பழைய பெட்டியும் புதிய ஒப்புதலுமாகத் திரும்பினார். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது.

மேட்டில் இடது சக்கரம் சர்ரென்று சுற்றியது. வலது நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இனி கீழேதான். மனைவி குடையோடு இறங்கி வந்தார். நேராகக் காரின் பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"ஏங்க, ஸ்டிக்கர் எங்க? பல் வைத்தியர் வீட்டம்மா கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஒட்டிட்டா இரும்புக்கடைக்குப் போகாதா?"

"அது இருக்கற காரை யாராவது இரும்புக்கடையில போடுவாங்களா?"

கண்ணாடிக்கடைக்காரர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. சட்டைப் பையில் தயாராக வைத்திருந்ததை எடுத்து ஒட்டினார்.

அவருக்கு முன்னும் பின்னும் மேடு முழுக்க மஞ்சள் ஸ்டிக்கர் கார்கள். பல் வைத்தியர் காரைத் தையற்காரர் தள்ளினார்; தையற்காரர் காரை யார் தள்ளுவது என்று சண்டை நடந்தது. "ஸ்டிக்கர் போட்டப்புறம் தள்ளுறது எவ்வளவு லேசா இருக்கு பாருங்க மாமா," என்றார் மைத்துனர், மூச்சு வாங்க.

அப்போது கீழேயிருந்து இன்னொரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. உள்ளே மேலதிகாரி. பாசி, சேறு எதையும் மதிக்காமல், ஓரம் ஒதுங்கிய அத்தனை பேர் மேலும் சேற்றை வாரி இறைத்துவிட்டு, பூனை மாதிரி மேட்டில் ஏறி மறைந்தது.

மைத்துனர் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு, போன காரின் பின்பக்கத்தையே பார்த்தார்.

"பாவம் மாமா. அவ்வளவு பெரிய பதவியில இருந்தும் ஒரு ஸ்டிக்கருக்கு வழியில்லை."

கூட்டம் உச்சுக் கொட்டியது. கண்ணாடிக்கடைக்காரரும் கொட்டினார்.