உப்புக் குறைந்த முப்பது நாள்

இந்தக் கதையில் ஒரு வார்த்தை பொய் என்றால், இனி நான் சாப்பிடும் எதிலும் உப்பே உறைக்காமல் போகட்டும். அடுப்பறைச் சங்கதியில் பொய் சொல்கிறவனுக்கு நரகத்தில்கூடச் சோறு கிடையாது.

பஸ் டிரைவர் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது அடுப்பு பொசுக்கென்று அணைந்தது. காஸ் காலி.

அன்று காலையில்தான் டெப்போ டாக்டர் சொல்லியிருந்தார்: "பிரஷர் எகிறுது. முப்பது நாள் டைம். குறையலைன்னா ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. கேட்ல உக்காந்து வண்டி நம்பர் எழுதலாம்."

இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த கையில் பேனாவா? வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டார். உப்பு குறைவு, எண்ணெய் குறைவு, கடைச் சாப்பாடு கூடவே கூடாது. காலையிலும் மதியமும் ரொட்டியும் பழமும். டீக்கு மின்சாரக் கெட்டில். இரவுச் சமையல் முறை வைத்து: முதல் நாள் அவர், அப்புறம் நர்ஸ் மனைவி, கல்லூரி மகள், கூடவே தங்கியிருக்கும் மச்சான்.

"சட்டம்னா சட்டம்!" என்று பட்டியலை ஃபிரிஜ்ஜில் ஒட்டினார்.

ஒட்டிய பசை காயுமுன் காஸ் தீர்ந்தது. அடுப்புக்குக் கீழே, கதவு போட்ட அலமாரியில் புது சிலிண்டர் இருந்தது. மாட்டத்தான் தெரியவில்லை. முட்டுச்சந்தில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிறவர், ரெகுலேட்டர் குமிழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அலமாரிக் கதவைச் சாத்தினார். மணி ஆறே முக்கால். ஏழுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள்.

"இன்னிக்கு ஒரு நாள்தான்" என்று தனக்கே சத்தியம் செய்துவிட்டு, பின்வாசல் வழியாகத் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்கு ஓடினார். உப்பு குறைத்துக் கேட்டு வாங்கி, வீட்டுச் சட்டியில் கொட்டி, சாட்சிக்கு வெங்காயத் தோலைத் தொட்டியில் தூவினார்.

"என்னங்க, இந்தக் கைப்பக்குவத்தை இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றாள் மனைவி.

அவருக்குப் புரையேறியது.

காஸ் விஷயத்தை மறுநாள் சொல்லிவிட நினைத்தார். மறுநாள் வந்தால் மேசையில் ஆவி பறக்கும் சாப்பாடு. சத்தமே போடாமல் சிலிண்டரை மாட்டிவிட்டாளே! ஆக்ஸிஜன் மாட்டுகிற கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

அடுத்த நாள் மகள் அம்மாவை மிஞ்சினாள். வெந்நீரைக்கூடத் தீயவிடும் மச்சான், இருவரையும் மிஞ்சினான்.

ஐந்தாம் நாள் மறுபடி டிரைவர் முறை. இவர்கள் சமையலுக்கு முன்னால் இவர் வெங்காயம் நிற்குமா? மறுபடி பின்வாசல்.

"உப்பு கம்மியாத்தானே?" என்றாள் கடைக்காரம்மா, அவர் வாய் திறக்குமுன். "என்னமோ தெரியலண்ணே, இந்தத் தெருவுக்கே உப்பு கசந்துபோச்சு. இன்னும் மூணு பேரு இதையேதான் கேக்கறாங்க. தனிச் சட்டியே வெச்சுட்டேன்."

நல்ல பழக்கம் தெருவெல்லாம் பரவுகிறது என்று டிரைவர் பூரித்துப்போனார்.

வீட்டில்தான் வில்லங்கம். "அப்பா, அந்தப் பருப்புல என்ன போட்டீங்க?" என்று மகள் கேட்டாள்.

"அதெல்லாம் கையே போட்டுக்கும்மா. நீ வெச்ச பீன்ஸுக்கு?"

"எனக்கும்... கைதாம்ப்பா."

"மாமா, சட்டி அடியில கரியே இல்லையே?" என்றான் மச்சான்.

அடுத்த முறை டிரைவர் சட்டியை டெப்போவுக்கே எடுத்துப் போய், பஸ்ஸின் புகைக்குழாயில் தேய்த்துக் கரி ஏற்றிக்கொண்டு வந்தார். வேலை என்று வந்துவிட்டால் அவர் ஒரு குறை வைக்கமாட்டார்.

முப்பதாம் நாள் டாக்டர் கருவியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "நூத்தியிருபதுக்கு எண்பது! எப்படிய்யா?"

"வீட்டுச் சமையல், டாக்டர்."

ஸ்டியரிங் தப்பியது, மனசாட்சி தப்பவில்லை. எட்டு முறை, எட்டும் கடைச் சோறு. பாவம், மற்ற மூன்று பேரும் தனக்காக அடுப்பில் வெந்திருக்கிறார்கள். அன்று மாலை எல்லாரையும் உட்காரவைத்து, "நான் ஒரு உண்மையைச் சொல்லணும்" என்று தொண்டையைச் செருமினார்.

மணி அடித்தது. மாதாமாதம் சிலிண்டர் கொண்டுவரும் காஸ்காரர். புது சிலிண்டரைத் தோளில் வைத்தபடி நேரே அடுப்பறைக்குப் போனவர், அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, அதைத் தோளிலிருந்து இறக்காமலே திரும்பி வந்தார்.

"போன மாசம் போட்டதுல சீலே பிரிக்கல, சார். எல்லாரும் ஊருக்குப் போயிருந்தீங்களா?"