தென்னை மரத்தில் கட்டிய ரகசியம்

எங்கள் வீட்டு விஷயம் அமெரிக்காக்காரனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று தூக்கம் கெட்டுக் கிடந்தவன் நான். (அவன் கேட்டானா? கேட்கவில்லை.) ஏஐயிடம் நாம் சொல்வதெல்லாம் எங்கோ இருக்கிற கம்பெனிக் கணினியில் போய்ச் சேர்கிறது என்று படித்த நாளிலிருந்து எனக்கு அந்தக் காய்ச்சல். என்னிடம் இருந்த ரகசியங்களோ என் சர்க்கரை அளவும், முடிக்காமல் விட்ட சில கட்டுரைகளும்தான். இருந்தாலும் நெட்டே தேவைப்படாத ஏஐ ஒன்றைத் தேடிப் பிடித்து வீட்டுக் கணினியில் இறக்கி வைத்தேன். சித்திரை மாதத்துத் தென்பெண்ணை ஆறு மாதிரி சொட்டுச் சொட்டாகப் பதில் வரும். ஆனால் சொன்னது வீட்டைத் தாண்டாது. அந்தப் பெருமையில் சங்கராபுரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கெல்லாம் பாதுகாப்பு வகுப்பெடுத்தேன்.

அப்போதுதான் சின்ன மகள் யாழினிக்குக் காது குத்து வந்தது.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் மனைவி தனத்துக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். முறைப்படி பெரிய மச்சான் மடிதான். அவர் மீசையைப் பார்த்து மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு டிராக்டர்களே ஒதுங்கி வழிவிடும். ஆனால் ஊசியைக் கண்டால் அவருக்கு மயக்கம் வரும். மூத்த மகளுக்குக் காது குத்தியபோது குழந்தை அழவில்லை, இவர் சாய்ந்துவிட்டார். "விரதம், அதான்" என்று ஊருக்குச் சொல்லி மூடினோம். உண்மை தெரிந்தவர்கள் தனமும் நானும்தான். இந்தத் தடவை மடியைத் தம்பிக்கு மாற்றினால் கோபித்துக்கொண்டு போவார்; தனத்துக்குப் பிறந்த வீடே இல்லாமல் போய்விடும். மாற்றாவிட்டால் ஊர் முன்னால் மறுபடி சாய்வார்.

மனம் நோகாமல் சொல்ல எனக்கு வாய் போதாது. ஏஐயைக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

விசேஷத்தன்று காலை மைக்செட்காரர் வந்து நின்றார். "சார், என் போன் மக்கர் பண்ணுது. உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து ஒரு ஒயர் இழுத்துக்கினு பாட்டு போட்டுக்கட்டுங்களா?"

"அதுல நெட் வருமா?"

"அதெல்லாம் வராது சார். சத்தம் மட்டும்தான் போவும்."

நிம்மதியாகச் சம்மதித்தேன்.

சீர்வரிசை வந்து இறங்கியதும் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். எதற்கும் இருக்கட்டும் என்று நெட் ஒயரைப் பிடுங்கினேன். யோசிக்க விடாமல் அலறிய பாட்டை நிறுத்தினேன். மயக்கம், விரதம் என்று ஒன்றையும் ஒளிக்காமல் தட்டினேன். பதில் சொட்டி முடிந்தது. என் மூக்குக் கண்ணாடியோ பந்தலில் எந்தத் தாம்பாளத்துக்கு அடியிலோ. சரி, படித்துக் காட்டட்டும் என்று அதற்கான பொத்தானை அமுக்கினேன். கணினியிலிருந்து மூச்சில்லை. சத்தத்தைக் கூட்டி மறுபடி அமுக்கினேன். ஊஹூம். வெளியே வேறு மைக்கில் ஏதோ பெண் குரல் பேசிக்கொண்டே இருந்தது. எந்த அம்மா வரவேற்புரை ஆற்றுகிறாரோ என்று எரிச்சலோடு ஜன்னலையும் சாத்திவிட்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டி இன்னொரு தடவை அமுக்கினேன்.

கதவை உதைக்காத குறையாகத் திறந்தாள் தனம்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க உள்ள?"

திறந்த கதவு வழியாகத்தான் வார்த்தைகள் என் காதில் தெளிவாக விழுந்தன. தென்னை மரத்தில் கட்டிய மைக்செட் குழாயிலிருந்து, செய்தி வாசிக்கிற நிதானத்தில்: "உங்கள் பெரிய மச்சானுக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வருவது இயல்பானதே. போன முறை விரதம் என்று நீங்கள் சமாளித்தது பாராட்டத்தக்கது. இது அவருடைய தனிப்பட்ட தகவல். தயவுசெய்து யாரிடமும் பகிர வேண்டாம்."

(தெருமுனை பஸ் நிறுத்தத்திலும் ஒரு குழாய் கட்டியிருந்தார்கள்.)

நான் ஓடியபோது மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். பந்தலே தலை குனிந்து சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தது.

"டேய், டிராக்டர எட்றா" என்றார் தம்பியிடம்.

"அண்ணா, போவாதண்ணா" என்று தனம் குறுக்கே நின்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். நான் சொன்னதுதான் அன்றைய உச்சம்.

"மச்சான், இது எதுவும் நெட்டுக்குப் போகல."

"மாப்ள, நீ வாய மூடு."

யாழினி பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "மாமா, உனக்கும் ஊசின்னா பயமா?"

மீசை துடித்தது.

"ஆமாண்டி" என்றார் மச்சான், சின்னக் குரலில்.

"அப்ப ரெண்டு பேரும் கண்ண மூடிக்கலாம். உக்காரு."

உட்கார்ந்தார். காப்பாற்ற இனி ரகசியம் என்ன மிச்சம்? ஆசாரி ஊசியை எடுத்ததும் இருவரும் கண்ணை இறுக்கிக்கொண்டார்கள். தோடு மாட்டியாகி, யாழினி மிட்டாயும் கேட்டு வாங்கிவிட்டாள்; மச்சான் மட்டும் கண்ணைத் திறக்காமல் "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் சாயவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுமுன் தென்னை மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். "மாப்ள, லைன்ல இருக்கியா? குடும்ப விஷயம் பேசலாமா?"

அன்று சாயங்காலம் பந்தலைப் பிரிக்கும்போது தனத்திடம் என் தரப்பைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட இன்டர்நெட்டுக்குப் போகவில்லை, எந்தக் கம்பெனிக்கும் எதுவும் தெரியாது, அந்த மட்டில் ஏற்பாடு பக்கா என்று.

அவள் ஒரு தாம்பாளத்துக்கு அடியிலிருந்து என் கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"அதுக்கு அந்த அமெரிக்காக்காரனாண்டயே சொல்லியிருக்கலாம். அவன் இன்னா, நம்ம வூட்டு விசேஷத்துக்கா வரப்போறான்?"